அடியைப் பார்த்து வாங்குவோம்: பழைய ஜாடிகள் நம் பக்கம் வந்த கதை

சென்ற மாதம் செயற்குழுக் கூட்டத்தில் நமது வரவேற்புக் கூடத்துக்குப் பழங்காலப் பூச்சாடிகள் இரண்டு வாங்கலாம் என்று பேச்சு வந்தது. வாட்ஸ்அப் குழுவிலும் படம் போட்டிருந்தார்கள். இடுப்பளவு உயரம், வெள்ளை உடம்பில் நீலப் பூவேலை, 'சீனாவின் மிங் காலத்து ஜாடி, ஜோடி 36,000 ரூபாய்' என்று கடைக்காரர் சொன்னதாகக் குறிப்பு. நான் வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் பழைய பொருள் மதிப்பீடு எனக்குத் தெரிந்திருக்கும் என்று யாரோ முடிவுகட்டி, என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார்கள். நான் 34 வருஷம் கவுண்டரில் உட்கார்ந்த கிளார்க். நகைக்கடன் மதிப்பீட்டாளர்கூட இல்லை. ஆனால் ஒரு ஜாடி விஷயத்தில் நான் பெரிய நஷ்டம் பட்டவன். அதனால் சரி என்றேன்.

கடைக்குப் போன கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த ஜாடிகள் நம் பக்கம் வந்த கதை.

பூவைத் தண்ணீர் ஊற்றிய ஜாடியில் நிறுத்தி மேஜை மேல் வைப்பது நம் வீட்டுப் பழக்கம் இல்லை. நமக்குப் பூ என்றால் தொடுத்துத் தலைக்கு, சாமிக்கு, வாசல் நிலைக்கு. வாசலில் உருளி வைத்துப் பூ மிதக்கவிடுவதுகூட ஹோட்டல்களைப் பார்த்து நம் அபார்ட்மெண்டுகளுக்குள் வந்ததுதான். ஆனால் பாத்திரத்திலிருந்து பூவும் தழையும் பொங்கி நிற்கும் காட்சி நமக்குப் புதிதல்ல. பூரண கும்பம் அதுதானே! அமராவதி பௌத்த ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகளில், வயிறு பெருத்த குடத்திலிருந்து தாமரை பொங்குவதுபோலச் செதுக்கியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 1,800 வருஷத்துக்கு முந்தைய வேலை. பார்க்க லண்டன் போக வேண்டாம். அங்கே போன பலகைகள் போக மீதியில் பெரும்பங்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். என்னைக் கேட்டால் பூச்சாடியின் வடிவத்துக்கு அதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது.

அலங்காரத்துக்கென்றே செய்த ஜாடி நம் கரைக்கு வந்ததாகப் பழைய காலத்தில் அதிகம் காணோம். வந்ததெல்லாம் சரக்குப் பாத்திரம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945-ல் தோண்டியபோது ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. ஒயினும் ஆலிவ் எண்ணெயும் ஏற்றிவந்த ஜாடிகள். இரண்டு பக்கமும் கைப்பிடி, அடி கூம்பு மாதிரி. தரையில் நிற்காது. கப்பல் அடித்தளத்தில் வரிசையாகச் சாய்த்து அடுக்க அதுதான் வசதி. இன்றைக்கு பர்னிச்சர் கடைகளில் இரும்பு ஸ்டாண்டில் மாட்டி விற்கும் கூர் அடி ஜாடியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பூர்வீகம் இதுதான். எண்ணெய் டின்னைத்தான் இத்தனை மரியாதையாக ஹாலில் வைத்திருக்கிறோம்!

அரிக்கமேட்டில் இன்னொன்றும் கிடைத்தது. இத்தாலியில் செய்த, சிவப்பு மெருகு போட்ட தட்டுத் துண்டுகள். சிலவற்றில் செய்த குயவரின் முத்திரை அழுத்தியிருந்தது. அந்த முத்திரை எந்தக் காலத்தது என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே கணக்காகியிருந்தது. அதை வைத்துத்தான் வீலர் அரிக்கமேட்டுக்குக் காலம் சொன்னார். கூடக் கிடந்த உள்ளூர் மண்பாண்டங்களுக்கும் அதனாலேயே ஒரு தேதி கிடைத்தது. ஒரு தட்டில் குத்திய சின்ன முத்திரை, தென்னிந்தியத் தொல்லியலுக்கே வவுச்சர் மாதிரி பயன்பட்டிருக்கிறது. பாத்திரத்தில் பார்க்கவேண்டியது எது என்பதற்கு நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

சீனப் பாண்டம் வந்தது பிறகு. சோழர்கள் சீனத்துக்குத் தூது அனுப்பியது 1015, 1033, 1077 என்று சீனர்களின் ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. சீனத்தில் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. அங்கே நம்மவர்கள் சிவன் கோயில் கட்டியிருந்தார்கள். போனவர்கள் வெறுங்கையோடா திரும்பியிருப்பார்கள்? கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனை மேட்டில் சீனப் பாண்டத் துண்டுகள் கிடைத்தன. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1987-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது அவை ஏராளமாக வந்தன. பச்சை மெருகு போட்டவை, வெள்ளை, நீலப் பூ போட்டவை என்று பல ரகம். நீலம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். சீனப் பாண்டத்தின் அந்தப் புகழ்பெற்ற நீலச் சாயம் 14-ம் நூற்றாண்டில் பாரசீகத்துப் பக்கமிருந்து வந்த கோபால்ட். மண் சீனத்தது, சாயம் பாரசீகத்தது. நாம் சொல்லும் 'பீங்கான்' என்ற சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்ததாகத்தான் அகராதி சொல்கிறது.

நம் மாவட்டத்திலேயே இந்தக் கதைக்கு ஒரு பங்கு இருக்கிறது. பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். இங்கிருந்து துணி கிழக்கே போகும். அதைக் கொடுத்து மசாலாச் சரக்கு வாங்குவார்கள். அதே கம்பெனியின் கப்பல்கள்தான் சீனப் பீங்கானை ஐரோப்பாவுக்கு லட்சக்கணக்கில் கொண்டுபோயின. 1603-ல் சிங்கப்பூர் அருகே ஒரு போர்ச்சுகீசியக் கப்பலைப் பிடித்து, அதிலிருந்த பீங்கானை ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டபோது ஆரம்பித்த மோகம் அது. பிற்காலத்தில் தேயிலைக் கப்பல்களில் பீங்கானைத்தான் அடியில் அடுக்குவார்கள். தண்ணீர் கசிந்தால் தேயிலை கெடும், பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது. கப்பலுக்கு அடிப்பாரமும் ஆயிற்று, லாபமும் ஆயிற்று. காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிட ரசமான கணக்கு இல்லை.

விலை கட்டாதவர்களுக்காக ஹாலந்தில் டெல்ஃப்ட் ஊர்க்காரர்கள் சாதாரணக் களிமண்ணில் வெள்ளை மெருகு போட்டு, சீன நீலத்தைப் பார்த்து வரைந்தார்கள். அசல் பீங்கான் செய்யும் ரகசியம் ஜெர்மனியில் மைசென் பக்கம் 1708-10 வாக்கில்தான் பிடிபட்டது. ஆக, 'சீன ஜாடி மாதிரி' செய்வது ஏதோ இன்றைய மோசடி இல்லை. அதற்கே 400 வருஷ வயது. டெல்ஃப்ட் ஜாடியை டெல்ஃப்ட் என்று சொல்லி விற்றால் அதுவும் பழம்பொருள்தான். சொல்லாமல் விற்பதில்தான் பிரச்சினை.

சீனர்களே இதைச் செய்திருக்கிறார்கள் என்பது நான் படித்து ஆச்சரியப்பட்ட விஷயம். சீன ஜாடியின் அடியில் நாலு அல்லது ஆறு எழுத்தில் அரசர் பெயர் எழுதுவது வழக்கம். 17-ம் நூற்றாண்டின் கடைசியில் காங்ஷி அரசர் காலத்தில் செய்த பாண்டங்களில், அவருக்கு 200 வருஷம் முந்தைய செங்குவா அரசர் பெயரை எழுதினார்கள். 19-ம் நூற்றாண்டில் செய்தவற்றில் காங்ஷி பெயரை எழுதினார்கள். ஏமாற்ற அல்ல, பழைய நல்ல வேலைக்குக் காட்டிய மரியாதை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அடியில் மிங் அரசர் பெயர் இருக்கிறது என்பதற்காக அது மிங் காலத்தது ஆகிவிடாது. கையெழுத்து இருந்தால் மட்டும் செக் பாஸ் ஆகுமா?

இப்போது என் நஷ்டக் கணக்குக்கு வருகிறேன்.

எங்கள் பூர்வீகம் சிவகங்கைப் பக்கம். தாத்தா ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதினவர். அப்பத்தாவும் அங்கேதான் இருந்தார்கள். பிரசவத்துக்காக 1938-ல் கப்பலில் ஊர் திரும்பியபோது ஒரு பெரிய ஜாடியைக் கொண்டுவந்தார்கள். கரும்பழுப்பு மெருகு, தோளில் நாலு சின்னக் காது. உள்ளே வைக்கோல் சுற்றி பீங்கான் கோப்பைகள். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். 1942-ல் காடும் மலையும் தாண்டி நடந்தே இந்தியா வந்த லட்சக்கணக்கானவர்களில் தாத்தாவும் ஒருவர். வந்தபோது கையில் ஒரு கம்பளிதான் இருந்ததாம். ஆக, குடும்பத்தின் பர்மா சம்பாத்தியத்தில் மிச்சம் அந்த ஜாடி ஒன்றுதான். அப்பத்தா அதில் உப்பு நார்த்தங்காய் போடுவார்கள், மாவடு போடுவார்கள். காதுகளில் கயிறு கோத்து வாயை வேடு கட்டுவார்கள். காது எதற்கு என்று எனக்கு அப்போதே தெரியும். அது எங்கே செய்த ஜாடி என்றுதான் யாரும் கேட்டதில்லை.

அந்த வகை ஜாடிக்கு மர்தபான் என்று பெயர். பர்மாவில் மொத்தமா என்கிற துறைமுகத்தின் பழைய பெயர் அது. ஜாடிகள் அந்தத் துறைமுகம் வழியே உலகமெல்லாம் போனதால், ஊர்ப்பெயரே ஜாடிப்பெயராகிவிட்டது. உருதுவிலும் இந்தியிலும் இன்றும் ஊறுகாய் ஜாடிக்கு மர்தபான் என்றுதான் சொல்கிறார்கள். 14-ம் நூற்றாண்டில் மதுரைப் பக்கமும் வந்துபோன இபன் பதூதா தன் பயணக் குறிப்பில், இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் எல்லாம் உப்புப் போட்டு நிரப்பிய மர்தபான்களைக் கப்பல் பயணத்துக்குப் பரிசாகப் பெற்றதைச் சொல்கிறார். அப்பத்தாவின் மாவடு ஜாடிக்கு அறுநூறு வருஷத்துக்கு மேற்பட்ட வம்சாவளி இருந்திருக்கிறது!

அப்பா காலமான பின் 2009-ல் ஊர் வீட்டைக் காலி செய்தோம். ஃபிளாட்டில் அதை எங்கே வைப்பது என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் கேட்டோம். பழைய பாத்திரக்காரர் வந்தார். பித்தளை அண்டாவையும் குத்துவிளக்கையும் தராசில் போட்டார். ஜாடியை மட்டும் எடை போடவில்லை. மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து, விரலால் அடியைத் தடவிப் பார்த்தார். அவ்வளவு காலம் வீட்டிலிருந்த ஜாடியின் அடியை நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். மெருகு இல்லாத கரடுமுரடான மண், அங்கங்கே மணல் ஒட்டியிருந்தது. '400 ரூபாய் தர்றேன் சார்' என்றார். நான் 450 கேட்டேன். அவர் சிரித்துவிட்டு 400-ஐயே கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

2016-ல் ஒரு கல்யாணத்துக்குக் காரைக்குடி போனபோது முனீஸ்வரன் கோயில் தெருவில் சுற்றினேன். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. செட்டிநாட்டு வீடுகளுக்குள் பர்மா, மலேயா, ஐரோப்பா எல்லாம் எப்படி வந்தது என்பது தெரிந்த கதை. 1942-ல் யுத்தம், 1962-க்குப் பின் பர்மாவில் நாட்டுடைமை என்று வருமானம் நின்றது. பாகப்பிரிவினையில் பெரிய வீடுகள் துண்டாயின. உள்ளே இருந்ததெல்லாம் இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தன. அங்கே ஒரு கடையில் நாலு காது ஜாடி ஒன்று நின்றது. விலை 9,000 சொன்னார்கள். பணம் போனதுகூடப் பெரிதில்லை. அது எங்களுடையது இல்லை என்று எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஜாடிக்கு அடையாளம் சொல்ல என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை.

இனி கடைக்குப் போன கதை. செயற்குழு நண்பர் ஒருவரும் நானும் போனோம். என்னிடம் இரண்டு கருவிகள்: ஒரு பூதக்கண்ணாடி, கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச். இரண்டும் சேர்த்து 500 ரூபாய்க்குள் கிடைக்கும். முதலில் அனுமதி கேட்டு ஜாடியைக் கவிழ்த்தோம். அடி வளையத்தில் காலத்தால் வரும் தேய்மானம் இல்லை. பழுப்பு நிறம் இருந்தது, ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக, டீத்தண்ணீரில் முக்கியதுபோல. உண்மையான அழுக்கு அப்படி நியாயமாகப் பங்கு போட்டுக்கொள்ளாது. ஆறு எழுத்து முத்திரை பளிச்சென்று இருந்தது. பூவேலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், தூரிகை ஓடிய தடமே இல்லை. செய்தித்தாள் படம் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. அச்சுப் படத்தை ஒட்டிச் சுட்டிருக்கிறார்கள். ஜோடியில் இரண்டாவது ஜாடியிலும் அதே இதழ், அதே வளைவு. கையால் வரைந்த இரண்டு பூ ஒன்றுபோல இருக்கவே இருக்காது. புற ஊதா வெளிச்சத்தில் ஒன்றின் கழுத்தைச் சுற்றி வேறு நிறத்தில் ஒரு வளையம் ஒளிர்ந்தது. உடைந்து, ஒட்டி, மேலே பெயின்ட் அடித்த இடம். விரலால் சுண்டினால் ஒன்று 'ணங்' என்றது, இது 'டொக்' என்றது.

கடைக்காரரோடு நான் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: 'பில்லில் காலம் எழுதித் தருவீங்களா?' 'அலங்காரப் பொருள்னுதான் சார் போடுவோம்' என்றார். விஷயம் முடிந்தது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை வியாபாரம் செய்ய 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். அந்தச் சட்டம் 1976 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. அப்படிப்பட்ட பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் நம் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிலை, ஓவியம் போன்றவற்றை வீட்டில் வைத்திருந்தால் பதிவு செய்யவும் வேண்டும். கோயில் பொருள் மாதிரி ஏதாவது விலைக்கு வந்தால் தொடவே தொடாதீர்கள். அது எவ்வளவு மலிவோ அவ்வளவு வம்பு. நம் பக்கம் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பழைய தாழி, பானை ஏதாவது வந்தால் அதுவும் கண்டவருக்குச் சொந்தமில்லை. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எதுவானாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அத்திரம்பாக்கத்தில் 1863-ல் கற்கோடரி கிடைத்த மாவட்டம் இது. எதுவும் வரலாம்.

'போலி என்றால் என்ன சார், பார்க்க அழகாகத்தானே இருக்கிறது?' என்று நண்பர் திரும்பும் வழியில் கேட்டார். நியாயமான கேள்வி. புதுசு என்று சொல்லி 4,000 ரூபாய்க்குக் கொடுத்தால் நானே கையெழுத்துப் போடுவேன். மீதி 32,000 வெறும் கதைக்கு. பொது நிதியில் கதை வாங்க நமக்கு அதிகாரம் இல்லை.

அதற்காகப் பழசென்றால் நூறு வருஷம் ஆகியிருக்கவேண்டும் என்றும் இல்லை. என் வீட்டு ஷோகேஸில் ஒரு சாண் உயரத்தில் பூச்சாடி ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1983-ல், மூர் மார்க்கெட்டில் 60 சொன்னதைப் பேசி 15 ரூபாய்க்கு வாங்கினேன். (இரண்டே வருஷத்தில் மூர் மார்க்கெட்டே தீயில் போய்விட்டது.) ஊர் ஜாடியை விற்ற பிறகு வந்த புத்தியில், 26 வருஷம் கழித்து அதன் அடியைப் பார்த்தேன். 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்று இருந்தது. யுத்தத்தில் தோற்ற ஜப்பானை அமெரிக்கா தன் பிடியில் வைத்திருந்த 1945 முதல் 1952 வரை மட்டுமே போட்ட முத்திரை அது. ரங்கூனில் குண்டு போட்ட நாடு, பிறகு இப்படியும் எழுதி விற்றிருக்கிறது. பெரிய விலை போகாத பொருள்தான். ஆனால் ஏழு வருஷத்துக்குள் தேதி உறுதியாகத் தெரிந்த பொருள். பொதுவாக, அடியில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் அது 1891-க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா அப்போதுதான் சட்டம் போட்டது. 'நிப்பான்' என்றிருந்தால் 1921-க்கு முந்தியது. அதன்பின் 'ஜப்பான்' என்று போடச் சொல்லிவிட்டார்கள்.

வாங்கிய பின் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். பழைய ஜாடியில் நேராகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். உள்ளே ஒரு எவர்சில்வர் டம்ளரை இறக்கி, அதில் தண்ணீரும் பூவும் வையுங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் மேஜையும் போகும் ஜாடியும் போகும். பழைய மெருகில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே சாப்பாட்டுச் சாமான் போடவேண்டாம். உயரமான ஜாடிக்குள் ஒரு மணல் மூட்டை போட்டால் பிள்ளைகள் இடித்தாலும் சாயாது. பித்தளைச் செம்பையும் கூஜாவையும் பூச்சாடியாக வைக்கிறவர்கள் அதைப் புளி போட்டுத் தேய்க்கலாமா கூடாதா என்று கேட்கிறார்கள். கடைக்காரர்கள் கூடாது என்பார்கள். அந்தக் கருமைக்குத்தான் அவர்கள் விலை வைக்கிறார்கள். எழுத்தோ நகாசு வேலையோ இல்லாத வீட்டுச் செம்பைத் தேய்த்தால்தான் எனக்கு அது செம்பு மாதிரி தெரிகிறது.

கூடத்துக்கு என்ன வைப்பது என்று செயற்குழு என்னையே திருப்பிக் கேட்டது. நம் வீடுகளின் லாஃப்டில் இருப்பதையே முதலில் இறக்கிப் பார்க்கலாம் என்றேன். இதுவரை ஐந்து வந்திருக்கின்றன. மூன்று, மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக எல்லார் வீட்டிலும் இருந்த ஊறுகாய் ஜாடிகள். ஒன்று எனாமல் பூசிய கூஜா. ஐந்தாவதை பி பிளாக் அம்மா ஒருவர் பேரனைத் தூக்கிவரச் செய்து கொண்டுவந்தார்கள். கரும்பழுப்பு, நாலு காது. கவிழ்த்து அடியைத் தடவிப் பார்த்தேன், மணல் ஒட்டியிருந்தது. அவர்கள் மாமியார் வீட்டு வழியில் வந்ததாம். என்ன விலை போகும் என்று கேட்டார்கள். விலை சொல்லவில்லை. மாமியாரின் ஊர், அவர்கள் அதில் என்ன போட்டு வைத்தார்கள், எந்த வருஷத்திலிருந்து வீட்டில் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி உள்ளே போட்டு வைக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் அடியும் தெரிய போட்டோ எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த செயற்குழுக் கூட்டம் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை, அசோசியேஷன் அறையில். உங்கள் லாஃப்டில் இருப்பதையும் கொண்டுவாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: உள்ளே இருக்கும் ஊறுகாயை வீட்டிலேயே காலி செய்துவிட்டு வாருங்கள். நான் முதல் காரியமாகக் கவிழ்த்துத்தான் பார்ப்பேன்.